பேரீச்சை வெட்டியவன்

காயல் துறையில் குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கிய காலம் அது. அரபுக் கரையிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வரும் குதிரைகளைப் பாண்டிய மன்னரின் ஆட்கள் வாங்கிப் போவார்கள். விற்பவன் பேச்சு வாங்குபவனுக்குப் புரியாது. இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வதற்கு ஹாரித் என்று ஒருவன் இருந்தான்.

ஐம்பதை நெருங்கிய மனிதன். அண்ணன் முறை வைத்து ஊரில் அவனைப் பாக்தாத் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாக்தாத் அவன் பிறந்த ஊர். அங்கே காகிதக்காரர்கள் தெருவில் நூல்களைப் பார்த்துப் பிரதி எடுப்பது அவன் தொழில்.

மங்கோலியப் படை அந்த நகரத்தை வளைத்தபோது அவன் அங்கே இல்லை. காகிதக் கட்டுகளோடு பஸ்ராவுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரைநாள் ஆயிற்று. மனைவி சுமைய்யாவையும் மகளையும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை.

அதன்பின் கண்ணில் பட்ட கப்பலில் ஏறினான். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அது காயலுக்கு வந்தது.

முதல் வருஷம் ஊரே அவன் வாயைப் பார்த்தது. ஆற்றின் மேல் படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தைச் சொன்னான். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் மருத்துவசாலையைச் சொன்னான். கிரேக்கர்கள் எழுதியதையெல்லாம் அரபில் மாற்றி வைத்த வீடுகளைச் சொன்னான். "உங்கள் நாட்டிலிருந்து வந்த எண்களை வைத்துத்தான் நாங்கள் நட்சத்திரங்களைக் கணக்கிட்டோம்" என்றபோது, கூட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் அழுதார்கள்.

"அத்தனை நூலையும் ஆற்றில் போட்டதில் தண்ணீர் மையாகக் கறுத்துவிட்டதாமே, காக்கா?" என்று ஒரு மாலுமி கேட்டான்.

"நான் போய்ப் பார்த்தபோது ஆறு ஆற்று நிறத்தில்தான் ஓடியது" என்றான் ஹாரித். "அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

இரண்டாம் வருஷம் மரியாதைக்காகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஆரம்பித்தால் யாருக்காவது வலை காயப்போட வேண்டிய வேலை ஞாபகம் வந்தது. யார் மேலும் குற்றமில்லை. பார்க்காத ஊருக்காக ஒருவன் எத்தனை தடவை அழுவான்?

ஹாரித் பேசுவதை நிறுத்தினான். பகலெல்லாம் அடுத்தவர்கள் பேச்சைப் பேசினான். விடியும்போது கண்ணை மூடிக்கொண்டு தன் தெருவில் மட்டும் நடந்தான். இந்தப் பக்கம் மைக்காரன் ஸாபித். எதிரே பேனாவுக்கு நாணல் விற்பவன். இப்படியே பள்ளிவாசல் வரைக்கும்.

ஒருநாள் விடிகாலை அந்த நடையில் ஒரு கடை காணாமல் போனது.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் அவன் நூகு அப்பாவிடம் போனான்.

நூகு அப்பா கடற்கரை ஓரத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஓலைக் குடிசையில் இருந்தார். கப்பல்காரர்கள் அங்கேதான் பீப்பாய்களை நிரப்பிக்கொள்வார்கள். ஊரில் மார்க்கம் படித்த பெரிய ஆலிம்கள்கூட அவரிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். ஹாரித் வந்த நாள்முதல் அவரிடம் வந்துகொண்டிருந்தான். அவனைச் சீடன் என்று அவர் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை.

"அப்பா, மைக்காரன் கடைக்கும் நூலுக்கு அட்டை கட்டுபவன் கடைக்கும் நடுவில் ஒரு கடை இருந்தது. என்ன கடை என்று மறந்துவிட்டது."

"ம்."

"காலையிலிருந்து யோசிக்கிறேன். வாசல் தெரிகிறது. படி தெரிகிறது. உள்ளே இருட்டாக இருக்கிறது."

அப்பா வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

"கடலுக்கு இந்தப் பக்கம் விசாரிக்க ஒரு ஆள் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. இப்படி ஒவ்வொரு கடையாக இருட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் என்ன மிஞ்சும்?"

அப்பா கயிற்றின் மறுமுனையை அவன் கையில் கொடுத்தார். ஹாரித் இழுத்தான்.

"நான் ஏன் அன்றைக்கு அங்கே இல்லை?" என்றான். எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. இந்தத் தடவையும் பதில் வரவில்லை. வாளி வந்தது.

அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் ஹோர்முஸிலிருந்து வந்தது. குதிரைகளை இறக்கிய பிறகு, பாயில் சுருட்டி ஒரு மனிதனையும் மணலில் இறக்கிவிட்டார்கள். குதிரைக்காரன். வழியில் காய்ச்சல் கண்டது. தொற்று நோயாக இருக்குமோ என்று கப்பல்காரர்களுக்குப் பயம். நூகு அப்பா இரண்டு பேரைக் கூப்பிட்டு அவனைத் தன் குடிசைக்குத் தூக்கி வரச் செய்தார். அவன் உளறியது யாருக்கும் புரியவில்லை. ஹாரித்துக்கு ஆள் போயிற்று.

பெரிய எலும்புகளும் செம்பட்டைத் தாடியும் உள்ள மனிதன். கண் மூடியிருந்தது. பாரசீகத்தையும் கொச்சை அரபையும் கலந்து பேசினான்.

"வெட்டு... இன்னும் வெட்டு... கல் இல்லையாம்... மரத்தை வெட்டு."

ஹாரித் குனிந்தவன் அப்படியே நின்றான்.

பாக்தாதைச் சுற்றி மலை கிடையாது. மதிலை உடைக்க வந்த படைக்குக் கவண்பொறியில் வைத்து எறியக் கல் கிடைக்கவில்லை. பேரீச்ச மரங்களை வெட்டித் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளை எறிந்தார்கள். வளைகுடாக் கரை முழுக்க எல்லோருக்கும் தெரிந்த சேதி அது.

"எங்கே வெட்டினாய்?" என்று அரபில் கேட்டான்.

"கிழக்கு மதில் பக்கம். பெரிய தோப்பு. குருத்து தித்திப்பாக இருந்தது."

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் அப்பா.

காயலுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக ஹாரித் மாற்றிச் சொல்லவில்லை. வெளியே வந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பின்னாலேயே வந்தார்.

"அவன் என் ஊரை இடித்தவன்."

அப்பா குடிசை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கள் பாயில் படுத்திருக்கிறான்!"

"காய்ச்சல் இறங்கினால் எழுந்துவிடுவான்."

"என் கையால் அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தரமாட்டேன், அப்பா."

"சரி" என்றார் அப்பா. உள்ளே போய்த் தானே புகட்டினார்.

மறுநாள் காலையில் ஹாரித் வந்தபோது அப்பா தோளில் துணிமூட்டையோடு புறப்பட்டு நின்றார்.

"கொற்கையில் ஒரு மய்யித். அடக்கத்துக்குப் போக வேண்டும்."

"எப்போது வருவீர்கள்?"

"முடிந்ததும்."

"இவனை யார் பார்ப்பது?"

"கயிறு புதிது" என்றார் அப்பா. "கையை அறுக்கும். பார்த்து இழு."

மணலில் நடந்து போய்விட்டார்.

ஹாரித்தும் போயிருக்கலாம். கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குடிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. உள்ளே இருந்தவன் தண்ணீர் கேட்டான். முதலில் பாரசீகத்தில் கேட்டான். பிறகு அரபில். பிறகு ஹாரித்துக்குத் தெரியாத ஒரு மொழியில். அது அவன் தாய்மொழியாக இருக்க வேண்டும், குழந்தை கேட்பது மாதிரி இருந்தது. ஹாரித் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. இவன் உள்ளே போயிருக்கிறான். மதில் விழுந்த பிறகு இவன் அந்த நகரத்துக்குள் நடந்திருக்கிறான். நான் போகாத நாளில் இவன் போயிருக்கிறான்.

ஹாரித் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"காகிதக்காரர்கள் தெரு. பார்த்தாயா? பள்ளிவாசலுக்குப் பின்னால். பார்த்தாயா?"

அவன் வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை.

ஹாரித் வெளியே போய் வாளியை இறக்கினான். இரக்கம் வந்து தண்ணீர் எடுத்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்குப் பதில் வேண்டியிருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கொண்டுவந்து புகட்டினான்.

அந்த மனிதன் குடித்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினான். அவன் பெயர் வக்தாங். பாரசீகத்துக்கு வடக்கே உள்ள குர்ஜி மலைநாட்டுக்காரன். அவனுடைய அரசன் மங்கோலியருக்குப் பணிந்தபோது, ஊருக்கு இத்தனை பேர் என்று பிடித்துக்கொண்டு போன விறகுவெட்டிகளில் ஒருவன்.

"பார்த்தேன்" என்றான். "அந்தத் தெருவில்தான் எங்களைத் தங்க விட்டார்கள். நான் ஒரு கடையில் படுத்தேன்."

"என்ன கடை?"

"பறவைக் கடை. உத்தரம் முழுக்கக் கூண்டு தொங்கியது. யாரோ எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார்கள். காலையில் பாதிப் பறவைகள் திரும்பி வந்து கூண்டில் உட்கார்ந்திருந்தன. பசி. நான் தீனி மூட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன்."

ஹாரித்தின் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்தது. மைக்காரன் கடை, அடுத்தது பறவைக் கடை, அதற்கடுத்து அட்டை கட்டுபவன். கீச்சுக் கீச்சென்று சத்தம். தீனி உமி பறந்து வந்து ஈர மையில் ஒட்டிக்கொள்ளும் என்று ஸாபித் திட்டுவான். மகளுக்கு ஒரு தவிட்டுக் குருவி வாங்கிக் கொடுத்தது அங்கேதான்.

"யஹ்யா!" என்று கத்தினான். சிரித்தான்; சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "கூண்டுக்கார யஹ்யா! கிழவன். ஒரு கண் தெரியாது. அந்தக் கண்ணில்லாத பக்கமாகப் போய்த்தான் பிள்ளைகள் கூண்டைத் திறந்துவிடுவார்கள்!"

வக்தாங் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன?"

"அந்தக் கடையில் நான் எப்படிப் படுத்தேன் என்று நீ கேட்கவில்லை."

ஹாரித் கண்ணைத் துடைத்த கையை இறக்கினான்.

"கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை" என்றான் வக்தாங். "ஒரு கண் தெரியாத கிழவன். விடு விடு என்றேன். என் பேச்சு அவனுக்குப் புரியவில்லை. என் கையில் கோடாலி இருந்தது."

ஹாரித் எழுந்து வெளியே போனான். அலை காலில் படும்வரை போனான். அங்கே நின்றுகொண்டு இருந்தான். தண்ணீர் எடுத்துக்கொள்ள வந்த படகுக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாங்களே இறைத்துக்கொண்டு போனார்கள். திரும்பிப் போகாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். கையால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வெயில் தாழ்ந்தபோது திரும்பி வந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று கேட்டான். உள்ளே வக்தாங் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்கவில்லை. "யஹ்யா, யஹ்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹாரித்தைக் கண்டதும் நிறுத்தினான்.

"இத்தனை வருஷம் பேர் தெரியாமல் இருந்தது" என்றான். "இப்போது தெரிந்துவிட்டது."

ஹாரித் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தான். பேசாமல் ஊட்டினான். பேசாமலே வந்து வெளியே படுத்துக்கொண்டான்.

பிறகு வந்த நாட்களில் அவர்கள் பேசினார்கள். தெருத் தெருவாக ஹாரித் கேட்டான். பார்த்ததை வக்தாங் பார்த்தேன் என்றான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றான். மருத்துவசாலை முற்றத்து மாதுளையைப் பார்த்திருந்தான். படகுப் பாலத்தின் சங்கிலி அறுந்து கிடந்ததைப் பார்த்திருந்தான்.

"ஒரு பெண். உயரமாக இருப்பாள். பத்து வயதுப் பிள்ளை கூட இருக்கும். பிள்ளைக்கு நெற்றியில் தழும்பு."

வக்தாங் கண்ணை மூடி, நேரம் எடுத்துத் தேடினான்.

"பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமா?"

"வேண்டாம்."

"பார்க்கவில்லை."

ஹாரித் அவனை வெறுத்தான். அவன் கோப்பையைப் பிடிக்கும்போது அந்தக் கையையே பார்த்தான். ஆனாலும் விடிந்ததும் முதல் வேலையாகக் குடிசைக்குள் எட்டிப் பார்த்தான், மூச்சு இருக்கிறதா என்று. அதன்பின் பகல் முழுக்க யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத பேச்சு. "சிங்க வாசல்" என்றால் போதும், இவனுக்கு எந்த வாசல் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நடப்பதை ஹாரித் நிறுத்திவிட்டான். தேவைப்படவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது வக்தாங் கிணற்றடியில் நின்று நீர் இறைத்துக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்தார், ஹாரித்தின் உள்ளங்கைப் புண்ணைப் பார்த்தார், தொழுகைக்குப் போய்விட்டார்.

சீனத்துக்குப் போகும் கப்பல் ஒன்று பீப்பாய் நிரப்ப வந்தது. பாய் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள். வக்தாங் வருகிறேன் என்றான்.

ஹாரித் கரைக்கு ஓடினான்.

"எதற்குப் போகிறாய்? இங்கேயே இரு. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்."

"எதற்கு இருக்க வேண்டும்?"

"ஆற்றுக்கு மேற்குப் பக்கம் இன்னும் பேசவே இல்லை. கர்க் கடைத்தெரு. நீ பார்த்திருப்பாய்."

"பார்த்தேன்."

"அப்படியென்றால் இரு. கொஞ்ச நாள். அடுத்த பருவக் காற்றுக்குப் போகலாம்."

வக்தாங் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஊர்க்காரன் ஒருவன் முகத்திலும் விழிக்கக் கூடாது என்று ஓடி வந்தவன் நான்" என்றான். "ஹோர்முஸில் கேட்டேன், உங்கள் கப்பல் போகும் கடைசிக் கரை எது என்று. காயல் என்றார்கள். வந்தேன். நீ உட்கார்ந்திருந்தாய்."

"நான் உன்னை எதுவும் செய்யவில்லையே."

"தண்ணீர் கொடுத்தாய்."

ஏறி உட்கார்ந்தான். படகு அலையில் தூக்கிப் போட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரித் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அந்தச் செம்பட்டைத் தலை கப்பலில் ஏறி மறையும்வரை பார்த்தான். பின் ஈர உடையோடு கிணற்றடிக்கு வந்தான்.

அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார்.

"தெரிந்துதான் எங்களை விட்டுவிட்டுப் போனீர்களா?"

"கொற்கையில் மய்யித் இருந்தது."

ஹாரித் மணலில் உட்கார்ந்தான். கப்பல் பாயை விரித்தது.

"போகாதே என்று கெஞ்சினேன், அப்பா. யஹ்யாவைக் கொன்றவனிடம். காலில் விழாத குறை."

"ம்."

"அவனை நான் மன்னிக்கவில்லை."

"அவன் கேட்டானா?"

"இல்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் இருந்திருக்காது."

அப்பா தலையசைத்தார்.

"பிறகு ஏன் எனக்கு இப்படி இருக்கிறது? இருந்த ஒரே சொந்தமும் போனது மாதிரி இருக்கிறது. இது துரோகமா? சுமைய்யா கேட்டால் என்ன சொல்வேன்? அந்த ஊரை வெட்டினவன் போனதற்கு அழுதேன் என்றா? நீங்கள் எதற்கும் பதில் சொன்னதில்லை. இதற்கு மட்டுமாவது சொல்லுங்கள்."

கப்பல் தெற்கே திரும்பிச் சிறுத்துக்கொண்டே போயிற்று. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கேட்க நான் இருக்கிறேன்" என்றார். "அவன் யாரிடம் போய்க் கேட்பான்?"